மூன்று ஊர்க் காபி

சேசு மரி சூசை

சேரப்பணஞ்சேரி
6-7-1980

அன்புத் தங்கை அன்னபுஷ்பத்துக்கு அண்ணன் கிறிஸ்துதாஸ் எழுதுவது. மாதாவின் தயவில் அப்பா, உன் அண்ணி செல்வமேரி, நான் மூவரும் சுகமாக இருக்கிறோம். இத்தாலிக் குளிர் உன் உடம்புக்கு இப்போதாவது பழகியதா என்று எழுது.

கேரளத்து சிஸ்டர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது நீ கொடுத்தனுப்பிய பெட்டி, பங்குச் சாமியார் கைவழியாக வந்து சேர்ந்தது. பிரித்தோம். உள்ளே எட்டுப் பக்கம் வைத்து, இடுப்பு ஒடுங்கி, மூக்கு நீட்டிக்கொண்டு ஒரு அலுமினியச் சாமான். அண்ணி அதைத் தீர்த்தச் செம்பு என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பம்ப் பட்டறைக்காரன் கையில் ஒரு சாமான் கிடைத்தால் சும்மா விடுவானா? திருகினேன். மூன்று துண்டாக வந்துவிட்டது.

'அப்பாவுக்குக் காபி போட' என்று சீட்டு வைத்திருக்கிறாய். சரி. எப்படிப் போடுவது என்று எழுத மறந்துவிட்டாயே. நம் பில்டர் மாதிரிதானே என்று மேல் பாத்திரத்தில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினேன். ஒரு சொட்டு கீழே இறங்கவில்லை. நடுவில் ஒரு குழாய் நிற்கிறதே, அது எதற்கு? கீழ்ப் பாத்திரத்தின் பக்கத்தில் பித்தளையில் ஒரு குமிழ் இருக்கிறதே, அது எதற்கு? இரண்டு நாளாகப் பட்டறையில் வேலை ஓடவில்லை எனக்கு.

அப்பா வரும் மே மாதத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார். ஆறு வயதில் உனக்கு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கைவிரித்தபோது, 'பிழைத்தால் இவளை உனக்கே கொடுத்துவிடுகிறேன் தாயே' என்று அவர் வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டிக்கொண்டது ஊருக்கே தெரியும். மே மாதம் நீ முதல் வார்த்தைப்பாடு கொடுத்து சிஸ்டர் ஆகிவிட்டால் கடன் தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்குகிறார். வெள்ளை அங்கியில் ஒரு படம் எடுத்து அனுப்பு. அம்மா படத்துக்குப் பக்கத்தில் இப்போதே ஆணி அடித்துவிட்டார்.

மடத்துக்கு வரும் தபால் தொலைகிறது என்றாயே, நீ சொன்னபடி அங்கே உனக்குப் பழக்கமான பியா அம்மையார் விலாசத்துக்கே இதைப் போடுகிறேன்.

உன் அண்ணன்
கிறிஸ்துதாஸ்


திரியெஸ்தே
2-8-1980

அன்புள்ள அண்ணனுக்கு, நான் சுகம். அண்ணியின் இருமல் நின்றதா? அப்பா வெயிலில் அலையாமல் இருக்கிறாரா?

உங்கள் கடிதத்தைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். அதன் பெயர் மோக்கா. நம் பில்டருக்கு நேர் தலைகீழ் அது. தண்ணீரைக் கீழ்ப் பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். அதன் மேல் புனல் மாதிரி இருப்பதில் காபித் தூள். மேல் பாத்திரம் காலியாக இருக்க வேண்டும். இறுக்கித் திருகி அடுப்பில் வையுங்கள். சூடேறியதும் உள்ளே சேரும் ஆவி தண்ணீரை அழுத்தும். தண்ணீருக்குப் போக வேறு வழி இல்லை, புனலின் குழல் வழியாக மேலேறித் தூளுக்குள் புகுந்து, நடுக்குழாயில் காபியாக வந்து வழியும். பித்தளைக் குமிழ், ஆவி அளவுக்கு மிஞ்சினால் திறந்துகொள்ளும் வால்வு. தண்ணீர் அந்தக் குமிழுக்குக் கீழேயே நிற்கட்டும்.

படம் பிறகு அனுப்புகிறேன். அப்பாவுக்கு முதல் வாய் கசக்கும். பழகிவிடும்.

அன்புடன்
அன்னபுஷ்பம்


சேசு மரி சூசை

சேரப்பணஞ்சேரி
24-8-1980

அன்புத் தங்கைக்கு, யாருக்கும் காயம் இல்லை. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

நீ எழுதியபடியே எல்லாம் செய்தேன். படப்பைக் கடையில் எப்போதும் வாங்கும் சிக்கரி கலந்த தூள்தான். புனலில் நிரப்பி, நம் பில்டர் குடையை வைத்து நன்றாக அழுத்தி அமுக்கினேன். அழுத்தினால்தானே டிகாக்ஷன் திக்காக இறங்கும்? பம்ப் ஸ்டவ்வில் ஏற்றிக் காற்றும் நன்றாக அடித்துவிட்டேன். அப்பா எதிரே மணை போட்டு உட்கார்ந்து, குழாயில் எப்போது வரும் என்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வரவேயில்லை. பிறகு குமிழ் பக்கமாகச் சீறிற்று பார், ரயில் இன்ஜின் தோற்றது. ஆவி நேராக ஸ்டவ்வில் அடித்து ஸ்டவ் அணைந்தது. அப்பா கூடத்துக்கு எப்படிப் போனார் என்று யாரும் பார்க்கவில்லை. அங்கிருந்தபடி, "இன்னாடா, காபி போடறியா, கெணறு வெட்றியா?" என்றார்.

ஆறிய பிறகு திறந்தேன். தூள் சிமென்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. நடுவில் இருக்கும் ரப்பர் வாஷர் தீய்ந்துவிட்டது. என் தொழில்தானே என்று சைக்கிள் டியூபில் ஒரு வாஷர் வெட்டிப் போட்டு மறுபடி வைத்தேன். இந்த முறை காபி கொஞ்சம் வந்தது. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "பங்க்சர் கடை வாசன அடிக்குதுடா" என்று தம்ளரை நகர்த்திவிட்டார்.

உன் அண்ணி பாத்திரத்தின் உள்ளே கறுத்ததைச் சாம்பல் போட்டுத் தேங்காய் நாரால் பளபளவென்று தேய்த்து வைத்திருக்கிறாள். அதுவாவது சரியா?

எங்கே தப்பு என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. விவரமாக எழுது.

உன் அண்ணன்
கிறிஸ்துதாஸ்


திரியெஸ்தே
20-9-1980

அன்புள்ள அண்ணனுக்கு, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று முதல் வரியில் எழுதினீர்களே, அதற்கு ஆண்டவருக்கு நன்றி. அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள்.

நான்கு தப்பு. சிக்கரி தண்ணீரில் பிசினாகி வழியை அடைக்கும், அது இதற்கு ஆகாது. தூள் மாவாக இருக்கக் கூடாது, மெல்லிய ரவை மாதிரி இருக்க வேண்டும். அழுத்தவே கூடாது. நிரப்பிவிட்டு விரலால் மேலே வழித்துவிட்டால் போதும். தீ குறைவாக இருக்கட்டும். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள். முதலில் கறுப்பாக, மெதுவாகத் தேன் மாதிரி வரும். நிறம் வெளுத்துக் கொப்பளிக்கத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் வருவது கசப்பு மட்டும்தான்.

அண்ணியிடம் தேய்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வெறும் தண்ணீரில் அலசினால் போதும். இந்தக் கடிதத்துக்குள் இரண்டு வாஷர் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. ஒரே ஊர்க் கொட்டையில் போட்டால் இதில் சப்பென்று இருக்கும். பிரேசில் கொட்டை உடம்பு, அதாவது வாயில் கனம் கொடுக்கும், எத்தியோப்பியா வாசனை கொடுக்கும், ரோபஸ்டா ரகம் நுரையும் கசப்பும் கொடுக்கும். மூன்றையும் சேர்த்து வறுக்கக் கூடாது. ஒன்று சீக்கிரம் சிவக்கும், ஒன்று நேரமெடுக்கும். தனித்தனியாக வறுத்து, ஆறவிட்டு, பிறகுதான் கலக்க வேண்டும். நம் பக்கம் என்ன கொட்டை கிடைக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

அன்புடன்
அன்னபுஷ்பம்


சேசு மரி சூசை

சேரப்பணஞ்சேரி
19-10-1980

அன்புத் தங்கைக்கு, எல்லோரும் சுகம். ஏரி நிரம்பிக்கொண்டிருக்கிறது, ஒரகடம் போகும் பஸ் பாதி நாள் வருவதில்லை.

தாம்பரத்தில் தாண்டவராயன் என்று ஒருவர் காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கிறார். பட்டறையில் ஓவர்டைம் இல்லாத ஒரு சனிக்கிழமை போனேன். சிக்கரி வேண்டாம் என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. "சிக்கரி இல்லாத காபியா? வூட்ல யாருக்குனா ஒடம்பு சரியில்லியா சார்?" என்றார். ஏற்காட்டுக் கொட்டை, குடகுக் கொட்டை, வயநாட்டு ரோபஸ்டா மூன்றையும் தனித்தனியாக வறுத்து ரவை மாதிரி அரைக்கச் சொன்னேன். "கலந்து வறுத்தா இன்னா ஆவும்? வவுத்துக்குள்ள போனா ஒண்ணுதானே?" என்றார். என் தங்கை இத்தாலியில் சிஸ்டராகப் போகிறவள், அவள் சொன்னாள் என்றேன். அதற்குப் பிறகு மறு பேச்சு இல்லை, பயபக்தியோடு வறுத்துக் கொடுத்தார்.

மூன்று ஞாயிறு மாற்றி மாற்றிக் கலந்தேன். ரோபஸ்டா அதிகமானால் வேப்பிலைக் கஷாயம். குடகு மட்டும் போட்டால் புளிப்பு. கடைசியில் ஏற்காடு பாதி, குடகு அதற்குக் குறைவாக, ரோபஸ்டா ஒரு கை அள்ளினாற்போல. குழாயில் மெதுவாகப் பொங்கி வந்தது அன்னபுஷ்பம். அதைப் பார்க்கவே பக்கத்து வீட்டு முனியம்மாள் வந்து நின்றாள்.

அப்பா சூடான பால் ஊற்றி, சர்க்கரை போட்டு, டவராவில் ஆற்றிக் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். "மொதல்ல ஒரு வாசன வருது. முழுங்கின பொறவு வேற ஒண்ணு வருது. ரெண்டாவது எங்கேந்துடா வருது?" என்று கேட்டார்.  உன்னைக் கேட்கச் சொன்னார்.

எனக்கும் ஒரு கேள்வி. மடத்தில் ஜெபமும் படிப்பும்தான் என்று நினைத்திருந்தேன். இவ்வளவு காபி விஷயம் உனக்கு யார் சொல்லித் தந்தது?

உன் அண்ணன்
கிறிஸ்துதாஸ்


திரியெஸ்தே
14-11-1980

அன்புள்ள அண்ணனுக்கு, நான் சுகமே. அப்பாவின் கேள்வியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. இந்தக் கேள்வியைக் கேட்க இங்கே சிலருக்கு வருஷக்கணக்கில் ஆகும்.

முதல் வாசனை ஏற்காட்டுக் கொட்டையுடையது. அது லேசானது, சூட்டிலேயே பறந்து மூக்குக்கு வந்துவிடும். முழுங்கிய பிறகு வருவது ரோபஸ்டா. அதற்கு அவசரமே கிடையாது, நாக்கின் அடியில் தங்கி மெதுவாகத்தான் வரும். நடுவில் இருக்கும் குடகு, தான் இருப்பதைக் காட்டிக்கொள்ளாது. அதை எடுத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். கரண்டியில் எடுத்துச் சத்தம் வரும்படி உறிஞ்ச வேண்டும், காற்றோடு சேர்ந்தால்தான் வாசனை பிரியும். அப்பாவுக்கு அது நன்றாக வரும், ரசத்தை அப்படித்தானே குடிப்பார்.

போன வாரம் துறைமுகத்திலிருந்து வந்த மூட்டைகளில் ஒன்றில் 'இந்தியா, மங்களூர்' என்று அச்சடித்திருந்தது. அந்தச் சாக்கில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். பியா அம்மையார் ஒன்றும் கேட்காமல் அடுத்த மூட்டையைப் பிரிக்கப் போய்விட்டார். நல்ல மனுஷி. இப்போது குளிர் என்பதால் வேலை அதிகம். அதிலும் ஞாயிறு காலை பூசை முடிந்ததும் எல்லோரும் நேராக இங்கேதான் வருவார்கள், நிற்க இடமிருக்காது. கை முழுக்க வறுத்த கொட்டை வாசனை, எதைத் தொட்டாலும் அதுதான்.

அண்ணிக்கு என் அன்பு.

அன்னபுஷ்பம்


சேசு மரி சூசை

சேரப்பணஞ்சேரி
7-12-1980

அன்புத் தங்கைக்கு, அப்பா சுகம். இனி எழுதுவது எனக்கும் உனக்கும் மட்டும். உன் போன கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியபோது சில வரிகளை விட்டுவிட்டேன்.

நீ அனுப்பிய குழாயில் காபி எப்படி ஏறுகிறது என்று தெரியாமல் தூக்கம் வராதவன் நான். உன் கடிதத்தில் ஒன்று புரியாவிட்டால் சும்மா இருப்பேனா? ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லோரும் நேராக 'இங்கே' வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். எங்கே? மடத்துக்கு யார் காபி குடிக்க வருவார்கள்? மூட்டை மூட்டையாகக் கொட்டை எந்த மடத்தில் இறங்கும்? இவ்வளவு காபி விஷயம் உனக்கு யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். அதற்கு மட்டும் நீ பதில் எழுதவில்லை. படமும் அனுப்பவில்லை.

நான் கோபத்தில் எழுதவில்லை. நீ எங்கே இருக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய், எங்கே படுக்கிறாய் என்று தெரியவில்லை. அதனால் கேட்கிறேன்.

அப்பா மே மாதம் கோயில் வாசலில் பந்தல் போட்டு ஊருக்குச் சாப்பாடு போட வேண்டும் என்கிறார். எல்லோரையும் அழைக்கத் தொடங்கிவிட்டார். சீக்கிரம் பதில் எழுது.

உன் அண்ணன்
கிறிஸ்துதாஸ்


சேசு மரி சூசை

சேரப்பணஞ்சேரி
8-2-1981

அன்பு அன்னபுஷ்பத்துக்கு, நீ சுகமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

கிறிஸ்துமசுக்கு உன் வாழ்த்து வரவில்லை. புது வருஷத்துக்கும் இல்லை. அப்பா தபால்காரர் வரும் நேரத்துக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். "அங்க பனி கொட்டுது, கப்பல் வரல போல கீது" என்று அவரே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு உள்ளே வருகிறார். ஏரோகிராம் விமானத்தில் வருகிறது என்று நான் சொல்லவில்லை.

நீ என்ன செய்திருந்தாலும் சரி, கெட்டது ஒன்றும் செய்திருக்க மாட்டாய். எழுது.

உன் அண்ணன்
கிறிஸ்துதாஸ்


திரியெஸ்தே
1-3-1981

அன்புள்ள அண்ணனுக்கு, என்னை மன்னியுங்கள். டிசம்பரிலிருந்து எத்தனையோ தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நான் மடத்தில் இல்லை. போன வருஷம் ஜனவரியிலேயே வெளியே வந்துவிட்டேன். யாரும் என்னைத் துரத்தவில்லை, நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஜெபம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் வார்த்தைப்பாட்டுக்குத் தயார் செய்யும்போது மடத்துத் தாயார், 'இது உன் சொந்த விருப்பமா மகளே?' என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான். மற்றவர்கள் உடனே ஆமென்று சொன்னார்கள். நான் மட்டும் அவகாசம் கேட்டேன். அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதே இல்லை அண்ணா. மூன்று நாள் யோசித்து, இல்லை என்றேன். அவர்தான் பியா அம்மையாரிடம் சேர்த்துவிட்டார். அம்மையாருக்குக் காபி வறுத்து விற்கும் கடை இருக்கிறது. மாடியில் எனக்கு ஒரு அறை. கலவை போடுவதை முதலில் வேடிக்கை பார்த்தேன், இப்போது அம்மையார் என்னிடமே விட்டுவிட்டார். வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தப் பாத்திரம் என் முதல் சம்பளத்தில் வாங்கியது.

அப்பாவிடம் சொல்லப் பயம். அவர் கோபத்துக்கு இல்லை. மாதாவுக்குக் கொடுத்த வாக்கை நான் உடைத்துவிட்டேன். அதற்காக அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அவருக்கு ஒரு தலைவலி என்று நீங்கள் எழுதினால்கூட அது என்னால்தான் என்று நினைத்துவிடுவேன். ஊர் முன்னால் அவர் தலை குனிந்து நிற்பதையும் நினைக்க முடியவில்லை. எனக்கு இனி அங்கே வீடு இருக்கிறதா என்றும் தெரியவில்லை. சொல்வதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அன்னபுஷ்பம்


சேசு மரி சூசை

சேரப்பணஞ்சேரி
29-3-1981

அன்புத் தங்கைக்கு, உன் கடிதம் வந்தது. நீ சுகமாக இருக்கிறாய் என்று தெரிந்ததும் உன் அண்ணி ஓவென்று அழுதாள். நானும்தான்.

மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போன ஞாயிறு அப்பா பந்தல்காரனைப் பார்க்கச் சேரப்பணஞ்சேரி கூட்டு ரோடு வரைக்கும் கிளம்பிவிட்டார். செருப்பைப் போட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். முழுக்கச் சொன்னேன், உன் கடிதத்தையும் வாசித்தேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். "எப்போலேந்து?" என்று கேட்டார். போன வருஷம் ஜனவரி என்றேன். "அப்ப அந்த சாமான் வந்தப்போ அவ மடத்துல இல்ல" என்றார். இல்லை என்றேன்.

அதற்குப் பிறகு பந்தல்காரனைத் தேடிப் போகவில்லை. சாப்பிடுகிறார், பூசைக்குப் போகிறார், வருகிறார். காபி மட்டும் வேண்டாம் என்கிறார். நேற்று சாயங்காலம் சாமியாரைப் பார்த்துவிட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள எனக்குப் பயமாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
கிறிஸ்துதாஸ்


சேசு மரி சூசை

சேரப்பணஞ்சேரி
13-4-1981

அன்புத் தங்கைக்கு, அப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு வார்த்தை மாற்றக் கூடாது என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

"கண்ணு, அப்பா நல்லா கீறேன். தலவலி கூட இல்ல. அத மொதல்ல எழுதச் சொன்னேன், நீ பயந்துக்கினு இருப்பே.

நேத்து குருத்தோல ஞாயிறு. பூச முடிஞ்சி வெளிய வந்தப்போ நம்ம தெரு யாக்கோபு கேட்டான், மே மாசம் எந்தத் தேதி லாசரு, நாங்கல்லாம் ரெடின்னு. தேதி இல்லன்னேன். அவ மடத்துல இல்ல, காபிக் கடையில வேல செய்யறா, நல்லா செய்யறாளாம்னு சொன்னேன். நாலு பேரு திரும்பிப் பாத்தாங்க.  அவ்ளோதான். அப்புறம் வூட்டுக்கு வந்து சாப்டேன்.

சாமியாரண்ட போயி கேட்டேன், கடன் என்னா ஆவுதுன்னு. அவரு ஏதேதோ சொன்னாரு, எனக்குப் பாதி வெளங்கல. நான் யோசிச்சிப் பாத்தேன். நீ ஆஸ்பத்திரியில கண்ணத் தொறக்காம கெடந்தே. வேண்டிக்கினது நானு. வாயத் தொறந்து மாதாவண்ட பேசனவன் நானு. என் கடன ஒன் தலையில வெச்சி கப்பல் ஏத்தி உட்டுட்டேன். தப்பு என்னுது. இந்த வருசம் கொடியேத்தத்துக்கு வேளாங்கண்ணிக்கு நடந்து போறவங்களோட நானும் நடக்கப் போறேன். கிறிஸ்துதாசு பஸ்ல போலாம்ன்றான். அவன் கெடக்கறான். மாதாவண்ட நானே நேராப் போயி சொல்லிக்கறேன், அவ வரமாட்டா, நான் வந்துகீறேன்னு. உனக்கும் அந்தக் கடனுக்கும் சம்பந்தம் இல்ல. எனக்கு ஒண்ணும் ஆவாது. அப்பிடியே எதுனா ஆனாலும் அது உன்னால இல்ல.

வூடு இருக்குதான்னு கேட்டிருக்கியாம். அத வாசிக்க சொல்லோதான் எனக்குத் தாங்கல.

அந்த மடத்து அம்மா உன்ன ஒண்ணு கேட்டாங்களே. இருவத்தி நாலு வருசமா நான் கேக்கல. ஊர் பேரு தெரியாத ஒரு பொம்பள கேட்டிருக்கா. இப்ப நான் கேக்கறேன். உனக்கு இன்னா வோணும் கண்ணு? அங்கியே இருக்கணுமா, வூட்டுக்கு வரணுமா, படிக்கணுமா, கண்ணாலம் வோணுமா, ஒண்ணும் வோணாமா? நல்லா யோசிச்சி எழுது. அண்ணனுக்கு எழுதாத. எனக்கு எழுது."

கையெழுத்து அவரே போட்டது:

லாசர்